கடவுச்சீட்டில் குழந்தை

தோற்றுவாய்

கடவு என்பது வழி எனப் பொருள்படும் சொல். கடவுச்சீட்டு என்னும் ஆட்சியோ புதியது. கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்தல் இல்லை என்னும் கருத்துடையதாகக் கொள்ளப்படும் நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் உள்ளது. உரையாசிரியர்கள் அதற்குப் பொருள்கொள்ளும் முறையில் வேறுபடுவர். எவ்வாறாயினும், தலைவன் தனித்துச் செல்லுங்கால் எழாத வினா ஒன்று, குடும்பம் முழுதும் எல்லை கடக்குங்கால் எழுகின்றது. உடன்செல்லும் குழந்தை தனக்கென ஓர் ஆவணம் உடையதாதல் வேண்டுமா, பெற்றோர் ஆவணத்துள் அடங்குவதா என்பதே அவ்வினா. இருபதாம் நூற்றாண்டு இதற்கு இருவேறு விடைகளைத் தந்தது. முதல் விடையினின்று இரண்டாவதற்கு உலகம் வந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

பெற்றோர் சீட்டில் ஒரு வரி

முதல் உலகப் போருக்கு முன்னர் மேலை ஐரோப்பாவின் பல நாடுகளிடையே கடவுச்சீட்டின்றியே மக்கள் சென்று வந்தனர். 1914-இல் போர் மூண்டதும் அந்நிலை மாறிற்று. 1915-இல் பிரித்தானியா வெளியிட்ட சீட்டு, நிழற்படமும் உருவ அடையாளமும் கொண்ட ஒற்றைத்தாள் மடிப்பாகும். போர் முடிந்தபின், 1920 அக்டோபரில் நாட்டுக் கூட்டவையின் சார்பில் பாரிசில் கூடிய மாநாடு, 32 பக்கங்கொண்ட ஒரேவகைச் சுவடியைப் பரிந்துரைத்தது. அதனையொட்டி அமைந்த பிரித்தானிய நீலச் சுவடியில் உரியவர்க்கு ஓரிடமும் மனைவிக்கு ஓரிடமும் வகுக்கப்பட்டன. அவற்றின்கீழ்க் குழந்தைகட்கெனச் சில வரிகள் விடப்பட்டன. அவ்வரிகளில் எழுதப்பட்டவை பெயர், பிறந்த நாள், பாலினம் என்னும் மூன்றே.

இம்முறை எளியது; செலவு குறைந்தது. அதன் குறைபாடுகளையும் நோக்குதல் வேண்டும். சுவடி உரியவர்க்கே உரியதாகலின், அவரின்றிக் குழந்தை எல்லை கடத்தல் இயலாது. குழந்தைக்கு நிழற்படம் இன்மையின், வரியிற் குறிக்கப்பட்ட குழந்தையும் உடன்வந்த குழந்தையும் ஒன்றே என்பதற்கு உடன்வந்தார் சொல்லே சான்று. பெற்றோர் பிரிந்து வாழ்வாராயின், குழந்தையின் பெயரைத் தாங்கிய சுவடி யார் கையில் உள்ளதோ அவர் அதனை அயல்நாட்டிற்குக் கொண்டுசெல்லல் எளிதாயிற்று.

இவ்வழக்கில் இரக்கத்தின்பாற்பட்ட ஒரு கூறும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் அகதியர் உடன்படிக்கையின் இணைப்பு, குழந்தைகளைப் பெற்றோர் ஒருவரின் பயண ஆவணத்திற் சேர்க்க இடந்தந்தது. அன்றியும், தனிச்சூழல்களில் வேறொரு முதிர்ந்த அகதியின் ஆவணத்திலும் சேர்க்கலாம் என்றது. பெற்றோரை இழந்த குழந்தைக்கு அவ்வரி ஒரு புகலாயிற்று.

மாற்றத்தின் காரணங்கள்

1980 இவ்வரலாற்றில் குறிக்கத்தக்க ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 25-இல், ஒருநாட்டிலிருந்து மறுநாட்டிற்கு முறையின்றிக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளை மீட்பதற்கான ஹேக் உடன்படிக்கை நிறைவேறியது. அதே ஆண்டில், பன்னாட்டுப் பொது வானூர்தி நிறுவனம் பொறியாற் படிக்கப்படும் கடவுச்சீட்டிற்கான 9303 என்னும் எண்ணுடைய ஆவணத்தை முதன்முதல் வெளியிட்டது. அம்முறையில் பொறி படிப்பன இரண்டு வரிகள். வரியொன்றிற்கு 44 எழுத்திடங்கள். அவற்றில் அடங்குவன ஒருவருடைய பெயரும் பிறந்த நாளும் சீட்டெண்ணும் பிறவுமே. உடன்வரும் குழந்தைக்கு அங்கே இடமில்லை. ஒருவர்க்கு ஒரு கடவுச்சீட்டு என்னும் நெறிக்கு இவ்வமைப்பே பெருந்துணையாயிற்று.

பிரித்தானியா 1998 அக்டோபர் 5 முதல் குழந்தைகளைப் பெற்றோர் சீட்டிற் புதிதாகச் சேர்த்தலை நிறுத்திற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 சூன் 26 முதல் பெற்றோர் சீட்டிலுள்ள குழந்தைப் பதிவுகள் செல்லாவாயின. பொறியாற் படிக்கவியலாச் சீட்டுகட்கு 2015 நவம்பர் 24 உலகளாவிய இறுதி நாளாயிற்று.

இம்மாற்றத்திற்குக் குழந்தையின் உரிமை பற்றிய உணர்வே காரணம் என்பாரும் உளர். 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை பெயர், நாட்டுரிமை, அடையாளம் ஆகியவற்றைக் குழந்தைக்கு உரியனவாக அறிவித்தது உண்மையே. எனினும், 2009-இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒழுங்குமுறையின் முகவுரை காட்டும் நிரலை நோக்குக. அது தனிச்சீட்டு நெறியைக் கூடுதற் பாதுகாப்பு ஏற்பாடு என முதலிலும், குழந்தைகட்குக் கூடுதற் காவல் எனப் பின்னரும் கூறுகின்றது. எனவே, எல்லைக்காவலும் பொறியின் தேவையும் முன்செல்ல, குழந்தைநலம் அவற்றோடு உடன்சென்றது எனக் கொள்வதே பொருத்தமாம்.

யாருடைய ஒப்புதல்?

தனிச்சீட்டு வந்தபின் வினா இடம் மாறிற்று. குழந்தைக்குச் சீட்டுப் பெற்றுத்தரும் உரிமை யாருடையது? அமெரிக்க ஐக்கிய நாடு 2001-இல் 14 அகவைக்குட்பட்டார்க்குப் பெற்றோர் இருவர் ஒப்புதலையும் வேண்டிற்று; 2008-இல் அவ்வெல்லையை 16 ஆக்கிற்று. தென்னாப்பிரிக்கா 2015 சூன் முதல், எல்லை கடக்கும் சிறார்க்குப் பெற்றோர் பெயர் தாங்கிய பிறப்புச் சான்றையும் வேண்டிற்று. சுற்றுலாத் தொழிலினர் முறையிட்டபின், 2019-இல் அயல்நாட்டுச் சிறார் பொருட்டு அதனைத் தளர்த்திற்று.

இந்தியாவில் இவ்வினா ஒரு சொல்லின் பொருளோடு பிணைந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம், தந்தையை இயற்கைக் காப்பாளர் என்றும், அவர்க்குப் பின் தாய் என்றும் கூறிற்று. 'பின்' என்பது தந்தை இறந்த பின்னரா? கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்சநீதிமன்றம், குழந்தையின் பொறுப்பில் தந்தை இல்லாத நிலை எல்லாவற்றையும் அச்சொல் குறிக்கும் எனத் தெளிவுறுத்தியது. 2016 திசம்பரில் அறிவிக்கப்பட்ட கடவுச்சீட்டு விதிமாற்றங்கள், தாய் தந்தையருள் ஒருவர் பெயரே விண்ணப்பத்திற்குப் போதும் என்றன. தனித்து மகவு வளர்க்கும் தாயர்க்கு இது சிறு சலுகையன்று. தன்னோடு வாழாத ஒருவர் பெயரை எழுதினாலன்றித் தன் மகவோடு செல்லவியலாது என்னும் தடை இதனால் நீங்கிற்று.

முடிவு

மேற்கூறியவற்றால், குழந்தை ஒரு வரியாயிருந்த நிலையினின்று ஒரு சுவடிக்கு உரிமை பூண்டமை பெறப்படும். இன்று இந்தியாவில் கைக்குழந்தைக்கும் தனிச்சீட்டு இன்றியமையாதது. 15 அகவைக்குட்பட்டார்க்கு அது ஐந்தாண்டே செல்லும்; வளரும் முகம் விரைந்து மாறுமன்றோ? ஆயினும், அச்சுவடியை வேண்டி ஒப்பமிடும் கை இன்னும் பெற்றோருடையதே. அக்கைகள் இரண்டும் இசையாவிடத்துக் குழந்தையின் நலத்தை யார் உரைப்பர் என்பதே எஞ்சி நிற்கும் வினா. அதற்கு விடை சீட்டில் இல்லை. நீதிமன்றங்களிலும் குடும்பங்களிலுமே காணப்படல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.