நிதானம்: குன்றத்தூர்க் கடைவீதியின் கணினி வைத்தியம்

சேக்கிழார் பிறந்த ஊரென்றும், குன்றின்மேல் முருகன் வீற்றிருக்கும் தலமென்றும் நெடுங்காலமாக அறியப்பட்டு வந்த குன்றத்தூருக்குச் சென்ற கால் நூற்றாண்டில் வேறொரு முகமும் வாய்த்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கியது முதலாக, 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2007-இல் அங்கேயே டெல், 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் கூட்டாலை என்று அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள் எழ, விடியுமுன்னே கம்பெனி பஸ்ஸுக்காக ஜனங்கள் காத்து நிற்கும் ஊர்களுள் இதுவும் ஒன்றாயிற்று. அவர்களுடைய வீடுகளுக்குள் கணினி நுழைந்தபோது, அதன் பின்னாலேயே ஒரு சிறு தொழிலும் கடைவீதிக்கு வந்து சேர்ந்தது. ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் ஒரு மேசை, ஒரு ஸ்குரூ டிரைவர், சி.டி.க்கள் செருகிய ஓர் உறை என்ற அளவில் தொடங்கிய அந்த ‘சிஸ்டம் சர்வீஸ்’ தொழில் நடந்து வந்த வழியை எழுதிப் பார்க்க வேண்டுமென்பது எனக்கு வெகுநாளைய ஆசை.

ஆதியில் அத்தொழிலுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் ஃபார்மட். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. ஊரெங்கும் பரவியிருந்த காலம் அது. 2004 ஆகஸ்டில் அதற்கு இரண்டாம் சர்வீஸ் பேக் வந்தபோது சில பழைய மென்பொருள்கள் இயங்க மறுத்தன. 2007 ஜனவரியில் விஸ்டா வந்தபோதோ, அதுவரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த பிரிண்டர்களும் ஸ்கேனர்களும், புதிய அமைப்புக்கு ஏற்ற டிரைவர் இல்லாமையால், ஒரே நாளில் உபயோகமற்றுப் போயின. காரணம் எதுவாயினும், சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த சி.டி.யைப் போட்டு, வட்டு முழுவதையும் துடைத்துவிட்டு, புதிதாக ஓ.எஸ். ஏற்றித் தருவதே வழக்கமாயிருந்தது. இரண்டு மணி நேரத்தில் யந்திரம் புதியதுபோல் ஓடும். ஆனால் என் உறவினர் ஒருவர் வீட்டில், அப்படிப் புதியதுபோல் ஓடிய யந்திரத்தில், அவருடைய தாயார் உயிரோடிருந்த காலத்தில் எடுத்த கடைசிப் படங்கள் இல்லை. நோயாளியைப் பிழைக்க வைத்து அவன் நினைவை அழித்துவிடும் வைத்தியத்தை வைத்தியம் என்று எப்படிச் சொல்வது என்று அன்று எனக்குத் தோன்றிய வருத்தம் இன்றும் தணியவில்லை.

ஆயுர்வேத நூலார், நோயின் மூலத்தை ஆராய்ந்து அறிதலுக்கு நிதானம் என்று பெயரிட்டார்கள். நம் வழக்கிலோ அச்சொல் பதற்றமின்மையைக் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் கூடியிருப்பதன் அருமையை நான் குன்றத்தூரில் ஒரு கடையில்தான் கண்டேன். “அப்டேட் போட்டதுல இருந்து ஹேங் ஆகுதுண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு” என்று ஒரு பையன் மடிக்கணினியை நீட்டினான். கடைக்காரர் அதைத் திறக்கவில்லை. மேசைமேல் வைத்து, குனிந்து, இடது பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே வட்டு இடைவிடாமல் கறகறவென்று ஓடிக்கொண்டிருந்தது. “எப்பப்பா போட்ட? முழுசா முடியவிட்டியா, நடுவுல மூடிட்டியா?” என்பதே அவருடைய முதற்கேள்வி. பிறகு டாஸ்க் மானேஜரைத் திறந்து காட்டினார்: வட்டின் உபயோகம் நூறு சதவீதம் என்று நின்றது. “ராத்திரி சார்ஜ்ல போட்டு அப்படியே விடு. காலைல ஷட் டவுன் பண்ணாத, ரீஸ்டார்ட் பண்ணு” என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னதில் சாஸ்திரம் இருந்தது. பெரிய அப்டேட் ஒன்று முடிந்த பின்னரும் யந்திரம் தன் கோப்புகளையெல்லாம் மறுபடி அட்டவணையிட்டுக்கொண்டும், வைரஸ் சோதித்துக்கொண்டும், மிச்சமான சிறு அப்டேட்டுகளை இறக்கிக்கொண்டும் இருக்கும். சுழலும் வட்டு உள்ள பழைய கணினியில் அந்த வேலைகள் தீரும்வரை வேறெதற்கும் வழி கிடைப்பதில்லை. மேலும், 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் என்பது முழு உறக்கம் அன்று. அமைப்பின் உட்கருவை வட்டில் அப்படியே சேமித்து வைத்து மறுநாள் எடுத்துக்கொள்வதால், முதல் நாளைய கோளாறும் கூடவே எழுந்து வருகிறது. ரீஸ்டார்ட் ஒன்றே அதை அடியோடு புதுப்பிக்கும். அதற்கும் அடங்காவிடில் சேஃப் மோடில் ஏற்றிப் பார்ப்பார்கள். அங்கே சரியாக ஓடினால் குற்றம் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரிடமோ, பின்னால் சேர்த்த மென்பொருளிடமோ இருக்கிறதென்று தெரிந்துவிடும். அதுவும் பயன்படாதபோது, பத்து நாளைக்குள் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும் வசதி விண்டோஸ் 10-இல் இருக்கிறது.

அப்டேட்டின்போது யந்திரம் முடங்குவதற்கு நம் ஊர்ப்பக்கத்துக் காரணம் ஒன்றும் உண்டு. 2012-ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்தை மின்வெட்டு வாட்டிய நாட்களில், அப்டேட் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், யு.பி.எஸ். இல்லாத வீட்டுக் கணினிகள் மறுபடி எழாமலே போனதுண்டு.

இப்படியெல்லாம் அடிபட்டவர்களுக்கு அப்டேட் என்றாலே அச்சம் பிறந்தது இயல்பே. தொழிற்சாலைகளில் அந்த அச்சத்துக்கு இன்னும் வலுவான நியாயம் இருக்கிறது; ஏனெனில், லைனில் நிற்கும் யந்திரத்தை ஆளும் கணினியில் ஒரு மென்பொருள் முரண்டு பிடித்தால் நின்றுபோவது ஒருவருடைய வேலை அன்று, ஒரு ஷிஃப்ட்டின் உற்பத்தி. ஆகவே ‘ஓடுவதைத் தொடாதே’ என்பது அங்கே எழுதாச் சட்டமாயிற்று. அச்சட்டத்தின் மறுபக்கத்தை 2017 மே மாதம் உலகம் கண்டது. விண்டோஸில் இருந்த ஓட்டை ஒன்றை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருக்க, அதை ஏற்றாத கணினிகளை மே 12-ஆம் தேதி வான்னகிரை என்னும் தீநிரல் சூறையாடியது; ஏறக்குறைய 150 தேசங்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அகப்பட்டன. ஒரகடத்து ரெனால்ட்-நிஸான் ஆலையிலும் அதனால் உற்பத்தி பாதிக்கப்பட்டதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. இடையில் கிடைத்த அவகாசம் ஐம்பத்தொன்பது நாள். ஒரு பரீட்சார்த்தக் கணினியில் ஏற்றிப் பார்த்து, பின் லைனுக்குக் கொண்டுபோக அது போதுமான காலமே என்பது என் அபிப்பிராயம்.

நேர்மாறான அனர்த்தம் 2024 ஜூலை 19-இல் நேர்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு அன்று அறிவித்த பரிகாரம் என்ன? சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்து, ரீஸ்டார்ட் செய்வது. அதையும் பெரும்பாலும் ஒவ்வொரு கணினியாக, ஒருவர் எதிரே உட்கார்ந்து செய்யவேண்டியிருந்தது. மேசை ஓரத்து வைத்தியர் கையால் கற்றிருந்த முறையே உலகத்துக்கு அன்று உதவியது.

அந்தக் குன்றத்தூர்க் கடைக்கு அண்மையில் மறுபடி சென்றேன். சுழலும் வட்டுகளின் இடத்தில் சத்தமில்லாத எஸ்.எஸ்.டி.க்கள் வந்துவிட்டமையால் அவர் இப்போது காதை வைத்துக் கேட்பதில்லை. மேசை அறையை இழுத்துக் காட்டினார்: கழற்றிய பழைய வட்டுகள், ஒவ்வொன்றின்மேலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பெயரும் ஒரு தேதியும். யாரேனும் எப்போதாவது படங்களைத் தேடிக்கொண்டு வருவார்கள் என்று வைத்திருக்கிறாராம். பேசிக்கொண்டிருக்கையில் ஓர் அம்மாள் கணினியோடு உள்ளே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் கேட்டார்: “உள்ள டேட்டா ஏதாச்சும் இருக்காம்மா?”