கடல் முழங்கும்போது: உலக முடிவின் அறிகுறிகளும் நம் புதுவையும்



2024-ஆம் ஆண்டுத் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. அன்று டிசம்பர் 1. முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்திருந்தது. கடந்த பிறகும் நகராமல் நம் தலைக்கு மேலேயே நின்று கொட்டித் தீர்த்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை. தாழ்வான இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர், மின்சாரம் இல்லை, மக்களை மீட்க இராணுவம் வரவேண்டியிருந்தது. அன்று காலை கோவிலுக்கு வந்து சேர்ந்தவர்கள் சிலரே. அந்தச் சிலருக்கு முன்பாக வாசிக்கப்பட்ட நற்செய்தி லூக்கா 21-ஆம் அதிகாரம். கதிரவன், நிலா, விண்மீன்களில் தோன்றும் அடையாளங்களைப் பற்றியும், கடலின் முழக்கம் கேட்டு மக்கள் கலங்குவதைப் பற்றியும் ஆண்டவர் பேசும் பகுதி. அதை நாம் தேடி எடுக்கவில்லை. உலகெங்கும் கத்தோலிக்கக் கோவில்களில் அந்த ஞாயிறுக்குக் குறிக்கப்பட்டிருந்த வாசகமே அதுதான்.

திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் நனைந்த சேலையோடு வாசலில் நம்மை நிறுத்தினார். "சாமி, இதுதானா கடைசி காலம்? பிளஸ் டூ படிக்கிற என் பையன், உலகமே முடியப்போகுதாம், நான் எதுக்குப் படிக்கணும்னு கேக்கறான். செல்லுல ஏதோ வீடியோ பாத்திருக்கான்" என்றார். "மழை விடட்டும் அம்மா, பேசுவோம்" என்று சொல்லி அனுப்பிவைத்தோம். அது ஒரு மேய்ப்பன் சொல்லும் பதில் அல்ல. இன்று அந்தத் தாய்க்கும் அந்தப் பிள்ளைக்கும் பதில் சொல்ல முயல்வோம். அதற்கு வெகுதூரம் போகவேண்டாம். நம் ஊரின் வரலாறே போதும்.

முதலில் ஒன்றைக் கவனிப்போம். எருசலேம் ஆலயத்தின் அழகைச் சீடர்கள் வியந்தபோது, அது இடிந்து விழும் என்றார் இயேசு. எப்போது, என்ன அடையாளம் என்று அவர்கள் கேட்டார்கள். ஆலயம் விழுந்தால் உலகமே முடிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். இயேசு அந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். போரும் நிலநடுக்கமும் பஞ்சமும் வரும், ஆனால் உடனே முடிவு வராது என்றார். அவற்றைப் பேறுகால வேதனையின் தொடக்கம் என்றே சொன்னார். பேறுகால வேதனை சாவின் அறிகுறி அல்ல, பிறப்பின் அறிகுறி. கி.பி. 70-இல் உரோமையர் ஆலயத்தை இடித்தார்கள். உலகம் முடியவில்லை. அதன் பிறகும் நற்செய்தி உலகின் எல்லைகளை நோக்கி நடந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1689 டிசம்பர் மாதம் புதுச்சேரியின் வானில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் சரி, நம் நாட்டிலும் சரி, வால்நட்சத்திரம் என்றால் அரசனுக்கு ஆபத்து, நாட்டுக்குக் கேடு என்று மக்கள் நடுங்குவது வழக்கம். அப்போது இங்கே இயேசு சபைக் குரு ஒருவர் இருந்தார். அவர் பெயர் ழான் ரிஷோ. சயாம் நாட்டுக்கு அனுப்பப்பட்ட கணித அறிஞர்களில் ஒருவர். 1688-இல் அங்கே நடந்த ஆட்சிப் புரட்சிக்குப் பின் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். அவர் அந்த வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால் பொறுமையாகப் பார்த்தார். அப்படிப் பார்க்கும்போது, தென்வானில் சிலுவை விண்மீன்களுக்குப் பக்கத்தில் மின்னும் ஆல்ஃபா சென்டாரி என்னும் விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கண்டுபிடித்தார். வானியல் வரலாற்றில் இடம்பெற்ற அந்தக் கண்டுபிடிப்பு நம் ஊரில் நடந்தது. வால்நட்சத்திரங்களும் ஒழுங்காகச் சுற்றி வருபவை என்பதை ஹாலி என்ற ஆங்கிலேயர் பின்னாளில் கணக்கிட்டுச் சொன்னார். அவர் சொன்னபடியே ஒன்று திரும்பி வந்து, 1758-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில் கண்ணுக்குப் பட்டது. படைத்தவரை நம்புகிறவர் படைப்பைக் கண்டு ஓடவேண்டியதில்லை, நின்று பார்க்கலாம்.

வானம் விழவில்லை. ஆனால் நம் கோவில் விழுந்தது. ஒருமுறை அல்ல. நாம் சம்பா கோவில் என்று அன்போடு அழைக்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தின் கதை அது. புனித பவுலின் பெயரால் வந்த சொல்தான் சம்பா. பிரான்சு அரசர் பதினான்காம் லூயியின் உதவியோடு இயேசு சபையினர் கட்டிய கோவில், 1693-இல் டச்சுக்காரர்கள் நகரைப் பிடித்தபோது அழிந்தது. மீண்டும் கட்டினார்கள். 1736-இல் பெரிய கோவில் ஒன்று எழுந்து நின்றது. 1760 இறுதியில் ஆங்கிலேயர் நகரைத் தரையிலும் கடலிலும் முற்றுகையிட்டார்கள். உள்ளே பஞ்சம். 1761 புத்தாண்டு நாளில் பெரும்புயல் அடித்து ஆங்கிலேயரின் கப்பல்களைச் சிதைத்தது. ஆயிரத்துக்கும் அதிகமான மாலுமிகள் மாண்டார்கள். பட்டினியோடு கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அது விடுதலையின் அடையாளமாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. ஆனால் பதினைந்தே நாளில், சனவரி 16-ஆம் தேதி, நகரம் சரணடைந்தது. வெற்றி பெற்றவர்கள் கோட்டையையும் நகரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சம்பா கோவிலும் தப்பவில்லை. கல்லின்மேல் கல் நில்லாத நிலையை நம் முன்னோர் கண்ணால் கண்டார்கள்.

இங்கே ஒரு உண்மையையும் நாம் மறைக்கக் கூடாது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1748 செப்டம்பரில், துய்ப்ளே ஆட்சியில், நம் கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டது. அதில் நம் மறைப்பணியாளர்களின் கையும் இருந்தது என்பதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். 1761-ஐ அதற்கான தண்டனை என்று சொல்லிவிடலாமா? சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ணவேண்டாம் என்றார் இயேசு. கூடவே, மனம் மாறுங்கள் என்றும் சொன்னார். ஆகவே தண்டனைக் கணக்குப் போடுவது நம் வேலை அல்ல. ஆனால் அடுத்தவர் கோவில் இடிந்த அன்று நமக்கு வலிக்காமல் போனதற்காக மனம் வருந்துவது நம் வேலை. நம் அண்டை வீட்டார் இன்றும் அவர்களே. இடிபாடுகளை அறிகுறியாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், முதலில் இந்த அறிகுறியைப் பார்க்கட்டும்.

நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. அதே இடத்தில் நம்மவர்கள் மறுபடி கல் சுமந்தார்கள். இன்று மிஷன் வீதியில் நாம் முழங்காலிடும் கோவில் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. எல்லாம் முடிந்தது என்று அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தால், நமக்கு அந்தக் கோவில் கிடைத்திருக்காது.

நாளும் நேரமும் குறிப்பதைப் பற்றியும் நம் ஊர் ஒரு பாடம் வைத்திருக்கிறது. வெள்ளிக் கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து போகும் அரிய காட்சியைக் காண, பிரான்சிலிருந்து கியோம் லெ ழான்தி என்ற வானியலார் 1760-இல் கப்பலேறினார். 1761-இல் இங்கே வரும் வழியிலேயே நகரம் ஆங்கிலேயர் கையில் என்று தெரிந்தது, கரையிறங்க முடியவில்லை. அடுத்த காட்சிக்காக எட்டு ஆண்டுகள் கிழக்குக் கடல்களிலேயே தங்கிவிட்டார். 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின்மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். இங்கே தமிழர்கள் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கிரகணத்தைக் கணிப்பதைக் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்ட் 30-இல் வந்த சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் அந்தக் கணக்கு 41 விநாடிதான் பிசகியிருந்தது. 1769 ஜூன் 4 காலை, எல்லாம் தயார். நேரம் துல்லியமாகத் தெரியும். ஆனால் சரியாக அந்த நேரத்தில் மேகம் கதிரவனை மூடிக்கொண்டது. காட்சி முடிந்த பிறகு வெயில் அடித்தது. அடுத்த வாய்ப்பு 1874-இல்தான். கணக்குக்கு அடங்கும் நிகழ்ச்சிக்கே இந்த நிலை என்றால், தந்தை ஒருவருக்கே தெரியும் என்று மகனே சொல்லிவிட்ட நாளை எந்தக் கணக்கில் பிடிப்போம்?

பிடிக்க முயன்றவர்கள் உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவான யுஸ்துஸ் யோசேப்பு, பக்தியிலும் பாட்டுப் புனைவதிலும் சிறந்தவர். ஆறு ஆண்டுகளில் ஆண்டவர் வருவார் என்று 1875-இல் அறிவித்தார். பலர் நம்பிப் பின்சென்றார்கள். 1881 வந்தது, போனது. அவரைப் பரிகசிக்க இதைச் சொல்லவில்லை. ஏங்குகிற இதயம்கூட வழி தவறலாம் என்பதற்காகச் சொல்கிறோம். நம் திருச்சபை இந்த ஆபத்தை முன்பே கண்டது. ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் 1516 டிசம்பரில், எதிர்க்கிறிஸ்துவின் வருகைக்கோ தீர்ப்பு நாளுக்கோ தேதி குறித்துப் போதிக்கக் கூடாது என்று மறையுரையாளர்களுக்குத் தடை விதித்தது. ஆண்டவர் மாட்சியோடு மீண்டும் வருவார் என்பது நம் விசுவாச அறிக்கை. ஞாயிறுதோறும் நின்று அதைச் சொல்கிறோம். எப்போது என்பது நம் அறிக்கையில் இல்லை. தெசலோனிக்காவில் சிலர், நாள் வந்துவிட்டது என்ற பேச்சில் மயங்கி நின்றார்கள். சிலர் வேலையை விட்டுச் சுற்றித் திரிந்தார்கள். உழைக்க மனமில்லாதவர் உண்ணவும் வேண்டாம் என்ற கருத்தைப் பவுல் எழுதியது அந்தச் சபைக்குத்தான்.

அப்படியானால் அறிகுறிகள் எதற்கு? 2004 டிசம்பர் 26, திருக்குடும்பப் பெருவிழா ஞாயிறு. சுனாமி வந்த காலை. நம் கடற்கரைச் சாலையோரம் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த கருங்கல் கரை அலையின் வேகத்தைப் பெரிதும் தாங்கியது. அந்தக் காப்பு இல்லாத மீனவக் குப்பங்கள் பறிகொடுத்தன. நம் நல்லவாடு கிராமத்திலும் அலை புகுந்தது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நிலநடுக்கச் செய்தி கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் வீட்டுப் பக்கம் வருகிறது என்று தெரிந்ததும், உடனே ஓடுங்கள், ஊரையும் எழுப்புங்கள் என்றார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராமத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை முழங்கியது. வீடுகள் போயின, படகுகள் போயின, மக்கள் பிழைத்தார்கள்.

இறைமக்களே, அறிகுறியைக் கண்டவர் செய்யவேண்டியது இதுதான். அந்த இளைஞர் அறிகுறியைக் கண்டு தேதி குறிக்கவில்லை, அடுத்தவரை எழுப்பினார். கல் கரை கட்டியவர்களும் எந்த ஆண்டில் பேரலை வரும் என்று அறிந்திருக்கவில்லை; ஆனால் கரையைப் பேணினார்கள். விழித்திருங்கள் என்ற ஆண்டவரின் கட்டளைக்கு இவை இரண்டும் நல்ல விளக்கங்கள். இவை நடக்கத் தொடங்கும்போது நிமிர்ந்து நில்லுங்கள் என்றுதான் அந்த ஞாயிறு நற்செய்தியும் சொல்கிறது. ஒளிந்துகொள்ளுங்கள் என்று அல்ல.

அந்தத் தாய்க்கு இப்போது பதில் சொல்வோம். அம்மா, ஆண்டவர் வருவார், அது உறுதி. அவர் வரும்போது உங்கள் மகன் புத்தகத்தோடு இருந்தால் அவருக்கு மகிழ்ச்சியே. பசித்தவருக்குச் சோறு போட்டாயா, அன்னியரை ஏற்றுக்கொண்டாயா என்றுதான் அவர் கேட்கப்போகிறார். தேதியைச் சரியாகச் சொன்னாயா என்று அல்ல. அந்த மழைநாளில் இடுப்பளவுத் தண்ணீரில் அண்டை வீட்டுப் பாட்டியைத் தூக்கி வந்த பிள்ளைகள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். உங்கள் மகனை அவர்களோடு அனுப்புங்கள். அடுத்த மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரவும், தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் எடுக்கவும் ஆட்கள் வேண்டும்.

ஆண்டவரே வாரும் என்று முதல் கிறிஸ்தவர்கள் ஆவலோடு மன்றாடினார்கள். அந்த மன்றாட்டை அச்சமின்றிச் சொல்லும் மனத்தையும், அதைச் சொல்லிவிட்டு வேலைக்கு எழும் கைகளையும் இறைவன் நம் அனைவருக்கும் தருவாராக. ஆமென்.