இழை அறுக்கும் ஒளி

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்கு நான் சங்க இலக்கியம் குறித்தே எழுதுவேன் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் அகமும் புறமும் பேசி வருபவளிடம் வேறெதை எதிர்பார்ப்பது? ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஒளியின் வரலாறு. அதற்குக் காரணம் என் தந்தையார் கேட்ட ஒரு வினா.

அவர் ஜலகண்டாபுரத்தில் கைத்தறி நெய்தவர். முதுமையில் தொண்டையில் புற்று கண்டது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் ஏழு வாரம் கதிர்ச் சிகிச்சை நடந்தது. தாரமங்கலம் வழியாகச் செல்லும் பேருந்தில் நாள்தோறும் அவரை அழைத்துச் சென்று திரும்புவேன். முதல் நாள் சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர், "ஏங் கண்ணு, வெளிச்சந்தானே அது? சுடவும் இல்லை, குத்தவும் இல்லை. அது போய் உள்ளே என்னத்தைச் செய்யும்?" என்று கேட்டார். தமிழில் முனைவர் பட்டம் பெற்ற மகளால் அந்தத் தமிழ் வினாவிற்கு ஒரு வரி விடை கூற இயலவில்லை. அன்று தொடங்கிய படிப்பின் பயனே இக்கட்டுரை.

1895 நவம்பர் 8ஆம் நாள் செருமனியின் வூர்ட்சுபர்க்கு நகரில் இராண்ட்சன் புதிய கதிரைக் கண்டார் என்பதும், தம் மனைவியின் கையெலும்பை அக்கதிரால் படமெடுத்தார் என்பதும் பள்ளி நூல்களில் உள்ள செய்தி. எலும்பைக் காட்டிய அந்த வியப்பில் உலகம் மற்றொன்றைப் பெரிதும் கவனிக்கவில்லை. 1896 மார்ச்சில் வெளியிட்ட தம் இரண்டாம் அறிக்கையில் இராண்ட்சனே அதைக் குறித்துள்ளார். மின்னேற்றம் பெற்ற ஒரு பொருளைச் சூழ்ந்த காற்றில் இக்கதிர் பாய்ந்தால் அப்பொருள் தன் மின்னேற்றத்தை இழந்துவிடுகிறது என்பதே அது. பொன்னிலை மின்காட்டி என்னும் எளிய கருவியில் விரிந்து நிற்கும் இரு மெல்லிய பொன்னிலைகள், கதிர் பட்ட சிறிது நேரத்தில் சோர்ந்து ஒன்றையொன்று சேரும். காற்று மின்சாரத்தைக் கடத்தாப் பொருள். அது திடீரெனக் கடத்தத் தொடங்கியது ஏன்?

கேம்பிரிட்சில் ஜே. ஜே. தாம்சன் இதை ஆராய்ந்தார். நியூசிலாந்திலிருந்து வந்து சேர்ந்திருந்த ரதர்போர்டு என்னும் இளைஞர் அவருக்குத் துணை நின்றார். கதிரானது காற்றின் மூலக்கூறுகளை மின்னேற்றமுள்ள துண்டுகளாகப் பிரிக்கிறது என்று 1896இலேயே இருவரும் விளக்கினர். அடுத்த ஆண்டு தாம்சன் மின்னணுவை நிறுவிய பின்னர், பிரிந்து செல்லும் துண்டு எது என்பதும் தெளிவாயிற்று. அணுவிலிருந்து ஒரு மின்னணு வெளியேறுகிறது. எஞ்சிய அணு நேர்மின் கொண்டதாகி விடுகிறது. அதுவே அயனி.

இச்சொல்லின் முன் சிறிது நிற்க வேண்டியுள்ளது. தமிழாசிரியையின் பழக்கம் அது; பொறுத்தருள்க. 1834இல் பாரடே 'அயான்' என்ற பெயரை இட்டபோது அவர் எடுத்தாண்ட கிரேக்கச் சொல்லின் பொருள் 'செல்வது' என்பதாகும். நாம் வழங்கும் 'அயனி' அதன் ஒலிபெயர்ப்பே. ஆயினும் வடமொழி 'அயனம்' என்பதற்கும் செல்லுதல் என்றே பொருள். உத்தராயணத்தில் உள்ள அயனம் அதுதான். கிரேக்கச் சொல்லும் வடசொல்லும் ஒரே பழம் வேரில் கிளைத்தவை. தமிழாக்கியவர் கருதினாரோ இல்லையோ, ஒலிக்கென எழுதிய சொல்லில் பொருளும் வந்து அமர்ந்துவிட்டது. நம் அகப்பாடல்கள் பிரிந்து போதலைச் 'செலவு' என்கின்றன. தலைவன் செலவு அழுங்கினான் என்று படித்துப் பழகிய நமக்கு, பிரிந்து செல்லும் மின்னணுவும் அதனை இழந்து நிற்கும் அணுவும் அயலாகத் தோன்ற வேண்டியதில்லை.

அறிவியற் சொல்லைத் தமிழில் ஆக்கும் முயற்சிக்கு நம் மாவட்டத்திற்கும் பங்குண்டு. 1916இல் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராசாசி, தமிழ்ச் சாத்திரப் பரிபாடைச் சங்கத்தை நிறுவி, வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம், தாவரவியல் ஆகியவற்றின் கலைச்சொற்களைத் தமிழாக்க முனைந்தார். பாரதியார் இம்முயற்சியைக் கவனித்து எழுதினார். 1940களில் இராசாசியே 'திண்ணை இரசாயனம்' என்னும் நூலை எழுதி, அணுவையும் மின்னணுவையும் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தார். பின்னர்க் கவிஞர் பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் தொகுதி தொகுதியாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். இசைப்பாடல்களும் கவிதைகளும் எழுதிய கை அது என்பதை இங்கே கூடியுள்ள கவிஞர்கள் மறத்தலாகாது.

இனி, என் தந்தையார் கேட்ட வினாவிற்கு வருவோம். ஒளி எப்படி அணுவை உடைக்கும்? வெயிலில் நாள் முழுதும் நின்றாலும் உடலணுக்கள் அவ்வாறு உடைவதில்லையே?

விடையின் திறவுகோல் 1905இல் ஐன்சுடைன் கூறிய கருத்தில் உள்ளது. ஒளி சிறு சிறு பொட்டலங்களாக ஆற்றலைக் கொண்டு வருகிறது. ஒரு மின்னணுவை வெளியேற்ற எத்தனை பொட்டலங்கள் வருகின்றன என்பது முதன்மையன்று. ஒவ்வொன்றும் எவ்வளவு வலியது என்பதே முதன்மை. நீர் மூலக்கூறிலிருந்து ஒரு மின்னணுவைப் பிரிக்க 12.6 மின்னணு வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பொட்டலம் ஒன்று கொண்டு வருவதோ ஏறக்குறைய 1.6 முதல் 3.1 வரைதான். ஆயிரம் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து தள்ளினாலும் நகராத கல்லைப் போல, அம்மூலக்கூறு அசையாமல் இருக்கும். மார்புப் படம் எடுக்கும் ஊடுகதிரின் பொட்டலமோ பல்லாயிரம் மின்னணு வோல்ட் கொண்டது.

அப்பொட்டலம் அணுவைத் தாக்கும் முறை இரண்டு. ஒன்றில், அது தன் ஆற்றல் முழுவதையும் ஒரே மின்னணுவிடம் ஒப்படைத்துவிட்டு மறைகிறது. பெரும்பாலும் அணுவின் உட்கூட்டில் இருக்கும் மின்னணுவே இதற்கு இலக்காகும். கால்சியம் போன்ற கனமான அணுக்களில் இது மிகுதி. எலும்பு கதிரை விழுங்கிப் படத்தில் வெண்மையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். உட்கூட்டில் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப வெளிக்கூட்டு மின்னணு ஒன்று உள்ளே இறங்கும். அப்போது மிஞ்சும் ஆற்றல் மற்றொரு மின்னணுவையும் வெளியே தள்ளிவிடுதல் உண்டு. 1922இல் லீசு மைட்னர் என்னும் பெண் அறிஞர் இதனை முதலில் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு பிரான்சில் ஒழே என்பவரும் தனித்துக் கண்டார். பெயர் ஒழேயின் பெயராக நிலைத்துவிட்டது. இது பற்றி நான் மேலும் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு மூலக்கூறில் இவ்வாறு அடுத்தடுத்து மின்னணுக்கள் பறிபோனால், எஞ்சிய நேர்மின் பகுதிகள் ஒன்றையொன்று தள்ளி, மூலக்கூறே சிதறுவதும் நேரும்.

மற்றொரு முறையில், பொட்டலம் தன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் மின்னணுவிற்குக் கொடுத்து அதனை வெளியேற்றிவிட்டு, வலி குன்றித் திசைமாறிச் செல்லும். 1923இல் அமெரிக்க அறிஞர் காம்ப்டன் நிறுவிய விளைவு இது. இவ்விடத்தில்தான் வரலாறு தமிழ்நாட்டின் பக்கம் திரும்புகிறது.

1924இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் காம்ப்டனுக்கும் ஆர்வர்டு அறிஞர் டுவேனுக்கும் இவ்விளைவு குறித்துக் கடும் வாதம் நடந்தது. கேட்டிருந்தவர்களுள் திருவானைக்காவில் பிறந்த சி. வி. இராமனும் ஒருவர். காம்ப்டன் வாதத்தில் வல்லவர், ஆனால் உண்மை அவர் பக்கம் இல்லை என்ற கருத்தை இராமன் அன்று அவரிடமே சொன்னதாகக் காம்ப்டன் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார். மாறுபட்ட அதே இராமன்தான் அவ்வினாவை விடாமல் சுமந்தார். 1927 இறுதியில் வால்டேரில் தங்கியிருந்தபோது காம்ப்டன் விளைவைத் தம் வழியில் கணக்கிட்டுப் பார்த்தார். அவ்வாண்டு நோபல் பரிசு காம்ப்டனுக்குக் கிடைத்த செய்தி வந்ததும், ஊடுகதிருக்கு உள்ள இயல்பு சாதாரண ஒளிக்கும் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் உறுதிப்பட்டது. கல்கத்தாவில் அவருடன் உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருட்டிணன். தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த புலமை உடையவர். 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவு உறுதியாயிற்று.

இரண்டு விளைவுகளும் உடன்பிறந்தவை போல் தோன்றினும், மூலக்கூறுக்கு நேர்வது வேறு. இராமன் வீணை நரம்பின் அதிர்வையும் மிருதங்கத்தின் ஒலியையும் ஆராய்ந்தவர் என்பதால் ஓர் உவமை கூறலாம். சாதாரண ஒளி மூலக்கூறை மீட்டுகிறது. அது அதிர்ந்து அடங்கி முன்போலவே இருக்கும். ஊடுகதிர் பட்டால் நரம்பே அறுந்துவிடுகிறது.

காம்ப்டனுடன் 1927ஆம் ஆண்டுப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் சி. டி. ஆர். வில்சன். ஈரக் காற்றைத் திடீரென விரித்துக் குளிர்வித்தால், அயனிகளின் மேல் நீர்த்துளிகள் படியும் என்பதை அவர் பயன்கொண்டார். 1911இல் முகிலறைக்குள் ஊடுகதிரைச் செலுத்திப் படம் எடுத்தபோது, கதிர் சென்ற வழியெங்கும் வளைந்து நெளிந்த நூலிழைகள் போல வெண்முகில் தோன்றியது. அவ்விழைகள் கதிரின் தடம் அல்ல. கதிரால் வெளியேற்றப்பட்ட மின்னணுக்களின் தடம். நான் நெடுநாள் தவறாக எண்ணியிருந்த இடம் இது. ஊடுகதிர்ப் பொட்டலம் தானாக உடைப்பது ஓரிரு அணுக்களையே. அங்கிருந்து பாயும் மின்னணுதான் வழியில் உள்ளவற்றையெல்லாம் உடைத்துச் செல்கிறது. காற்றில் ஓர் அயனி இணையை உண்டாக்கச் சராசரியாக 34 மின்னணு வோல்ட் செலவாகும். எனவே 34,000 மின்னணு வோல்ட் ஆற்றலுடன் கிளம்பும் ஒரு மின்னணு, அடங்குமுன் ஏறத்தாழ ஆயிரம் இணைகளை உண்டாக்கிவிடும்.

உடலில் பெரும்பகுதி நீர். ஆதலால் பெரும்பாலும் உடைவது நீர் மூலக்கூறே. மின்னணுவை இழந்த நீர் அக்கணமே அயல் நீரோடு வினைபுரிந்து, ஐதராக்சில் என்னும் கட்டற்ற துண்டை உண்டாக்குகிறது. கிட்டியதைப் பற்றிச் சிதைக்கும் இயல்பினது அது. உயிரணுவின் கருவில் உள்ள மரபிழைக்கு ஊடுகதிர் இழைக்கும் கேட்டில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு இதன் வழியே வருகிறது என்பர். ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான நான்கு கிரே அளவு கதிர் உடல் முழுதும் பாய்ந்தாலும், உடல் வெப்பம் ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உயரும். ஒரு மிடறு சூடான தேநீர் அதனினும் மிகுதியாக உடலைச் சூடேற்றும். சுடவில்லை என்று என் தந்தையார் சொன்னது முற்றிலும் உண்மை.

சுடாத காரணத்தால்தான் தொடக்க காலத்தில் பலர் அஞ்சாது கையை நீட்டினர். எடிசனின் உதவியாளர் கிளாரன்சு டாலி, கதிர்க்குழாய்களைத் தம் கைகளைக் கொண்டே சோதித்து வந்தார். புண்ணாகிக் கைகளை இழந்து 1904இல் இறந்தார். எடிசன் அத்துறையையே விட்டு விலகினார். கதிரை அளக்க உலகம் ஓர் அலகை ஏற்றது 1928இல்தான். அதுவும் காற்றில் உண்டாகும் அயனிகளைக் கொண்டே அளக்கப்பட்டது. பொன்னிலைகள் சோர்ந்ததைக் கண்டு முப்பதாண்டுகளுக்குப் பின்னர்!

சென்னையில் 1934இல் பார்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், ஊடுகதிர் சிதறிய வடிவத்தைக் கொண்டு கொலாசன் புரதத்தின் முப்புரி அமைப்பை அறிவித்தனர். உடைக்கும் கதிரே அமைப்பையும் காட்டிற்று. மூன்று இழை முறுக்கிய நூல் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளங்கும்.

சிகிச்சையின் மூன்றாம் வாரத்தில் தந்தையாரின் வாயெல்லாம் புண்ணாயிற்று. கஞ்சியும் இறங்கவில்லை. அன்று திரும்பும் பேருந்தில்தான் நான் படித்ததைச் சொன்னேன். நோயணுவின் உள்ளே மரபிழை இரட்டையாக ஓடுகிறது என்றும், ஒன்று அறுந்தால் மற்றதைப் பார்த்து உடல் பிணைத்துக்கொள்ளும் என்றும், இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் பிணைப்பது அரிது என்றும், நல்ல அணுக்கள் இடைவேளையில் தம்மைச் சரிசெய்துகொள்ளட்டும் என்றே கதிரை நாளொன்றுக்குச் சிறிது சிறிதாகத் தருகிறார்கள் என்றும், நோயணுக்கள் அவ்வாறு சரிசெய்துகொள்வதில் பின்தங்கியவை என்றும் கூறினேன். அறுந்த பாவைப் பிணைத்தே வாழ்ந்தவர். நான் முடிக்கும் முன்பே தலையசைத்தார். பிறகு கேட்டார்: "பகல்ல அறுக்கறது மிசினு. ராத்திரியில முடிச்சுப் போடறவன் யாரு கண்ணு?"

அன்று எனக்குத் தெரியவில்லை. அது லைகேசு என்னும் நொதி. 1967இல் கண்டறியப்பட்டது. கட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து அதற்குப் பெயரிட்டுள்ளனர். இதனை நான் படித்து அறிந்தபோது தந்தையார் இல்லை. அவருடைய தறி மட்டும் பாவு ஏற்றாமல் வீட்டின் முன்கட்டில் இருந்தது.