மூலப்பத்திரத்தில் ஒரு வாய்க்கால்

சென்னையின் தெற்குப் புறநகரில் எனக்குரிய ஒரு கிரவுண்டு மனைக்கு இரண்டு பத்திரங்கள் உண்டு. ஒன்று, 2009ஆம் ஆண்டு என் பெயருக்கு எழுதப்பட்ட கிரயப் பத்திரம். அதில் வடக்கு எல்லை ‘இருபது அடி சாலை’ என்று இருக்கிறது. மற்றொன்று, அந்நிலம் நஞ்சையாக இருந்த காலத்து மூலப்பத்திரம். அதில் அதே வடக்கு எல்லை ‘ஏரி வாய்க்கால்’. வாங்கும்போது வழக்கறிஞர் இரண்டையும் படித்தார், நானும் படித்தேன். கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் வகுப்பில் நடத்துகிறவனாக இருந்தும் அந்தச் சொல்மாற்றம் என் மனத்தில் தைக்கவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பெய்தபோது தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வடக்கிலிருந்துதான் வந்தது. மூலப்பத்திரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அன்றிலிருந்து ஆனைமங்கலச் செப்பேட்டைப் பாடம் நடத்துவது எனக்கு வேறோர் அனுபவமாகிவிட்டது. ஆய்வுலகில் லெய்டன் பெரிய செப்பேடு என்று அறியப்படும் இது, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்ததைக் கூறுவது. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் பொறிக்கப்பட்டது. கொடுத்த ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்திச் சுற்றி வந்து வரையறுத்திருக்கிறார்கள். அந்த எல்லை விவரிப்பில் வாய்க்கால்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மாணவர்கள் சலிப்படையும் பகுதி இதுவே. நானும் பல ஆண்டுகள் விரைந்து கடந்த பகுதிதான்.

எல்லைகளை அடுத்து வருவது, நிலம் பெற்றவருக்கு உரிய உரிமைகளின் பட்டியல். நீர்ப்பங்கின் அளவுக்கு வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாம், அவ்வாய்க்காலிலிருந்து பிறர் கிளைகள் பிரிக்கவோ, சிற்றேற்றம் இட்டோ கூடையால் இறைத்தோ நீர் எடுக்கவோ கூடாது, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம். வீடு கட்டும் உரிமையும் நீரின் ஒழுங்கும் அடுத்தடுத்து ஒரே பட்டியலில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். நீரைக் குறிக்காமல் மனையைக் குறிக்கும் வழக்கம் அந்த ஆவணத்தை எழுதியவர்களுக்கு இல்லை.

இந்த ஒழுங்கின் கண்கூடான வடிவம் ஏரி. ஏரியை நீர் சேமிக்கும் இடமாக மட்டுமே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அதற்கு வரத்துக்கால் உண்டு, பாசனத்திற்கு மதகு உண்டு, இவற்றோடு கலிங்கும் உண்டு. நீர் எந்த மட்டத்தைத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பதைக் கலிங்கின் உயரம் தீர்மானிக்கும். வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அதன் மிகுதி அதற்கடுத்த ஏரிக்கு. இப்படிப் பல ஏரிகளில் தங்கித் தங்கி, வேகம் தணிந்த பின்னரே மழைநீர் ஆற்றையோ கடலையோ அடைந்தது. பாசனத்திற்காக அமைந்த இந்தத் தொடரே வெள்ளத் தடுப்பாகவும் இருந்தது.

இதைப் பேணுவதற்கு ஊர்தோறும் ஓர் அமைப்பு தேவைப்பட்டது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைக் குறிப்பிடுவது பலரும் அறிந்ததே. பழமையைப் போற்றும் ஆர்வத்தில் ஒன்றை மறைத்துவிடக் கூடாது. வாரியத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட, வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். மண் வெட்டிக் கரை உயர்த்தியவர்களுக்கு அங்கே குரல் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே அச்சமூக அமைப்பு மீள வேண்டும் என்று நான் கூறவில்லை. அந்தப் பொறியியல் அறிவு ஏன் நம் மனைப்பிரிவுகளில் இல்லாமற் போனது என்பதே என் கேள்வி.

அதற்கு விடை தேடுகிறவர்கள் தியாகராய நகரின் வரலாற்றைப் படிக்கலாம். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே அடையாற்றுப் பக்கம் வரை, பிறைபோல் வளைந்து கிடந்தது ஒரு நீண்ட ஏரி. ஆங்கிலேயரின் வரைபடங்கள் அதை லாங் டேங்க் என்றே குறித்தன. சென்னையின் மேற்கு எல்லையாக நெடுங்காலம் இருந்தது அதுதான். நகரம் நெருக்கடியில் இருந்தது, குடியிருப்புகள் தேவைப்பட்டன. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது; 1923 முதல் ஏரி வடிக்கப்பட்டுப் புதிய நகர் உருவாகத் தொடங்கியது. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும், பனகல் அரசரின் பெயர் அதன் நடுவிலுள்ள பூங்காவிற்கும் இடப்பட்டன. அகன்ற தெருக்களும் பூங்காக்களுமாக, அக்கால அளவில் அது நல்ல திட்டமே. ஆனால் ஏரி செய்துவந்த வேலையை இனி எது செய்யும் என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் இடம் இல்லை.

வடக்கே எஞ்சியிருந்த நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னர் மறைந்தது. அதன் படுகையில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. 1,330 குறள்களும் பொறிக்கப்பட்ட அம்மண்டபத்தில், கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் வான்சிறப்பும் இருக்கிறது. மழையைப் போற்றும் அதிகாரத்தை மழை தங்கிய இடத்தைத் தூர்த்து எழுதி வைத்திருக்கிறோம். டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா, மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு என ஏரியின் பெயர் மட்டும் தெருக்களில் தங்கியிருக்கிறது. வள்ளுவர் கோட்டத்தின் அருகிலிருந்து தியாகராய நகர் வழியே அடையாற்றுக்குப் போகும் மாம்பலம் கால்வாய்தான் இப்போது அந்நிலப்பகுதியின் வடிகால். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்கள் நீரில் நின்றதை அனைவரும் பார்த்தோம்.

வடிகாலைப் பெரிதாக்கினால் போதாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 22,000 லிட்டர் நீர். கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் கிட்டத்தட்ட இரண்டு. நஞ்சையாக இருந்தபோது வரப்பு அந்நீரில் பெரும்பகுதியை நிறுத்தி வைத்தது. மாடியும் சிமெண்டுத் தரையும் வந்தபின் சில நிமிடங்களில் அத்தனையும் தெருவுக்கு வருகிறது. நூறு வீடுகள் ஒரே நேரத்தில் இப்படித் தள்ளும் நீரை எவ்வளவு அகலமான கான்கிரீட் வடிகாலும் வேகமாகக் கீழே அனுப்பத்தான் முடியும். அங்கே இருப்பவர்களுக்கு அது வெள்ளமாகப் போய்ச் சேரும்.

எனவே, புதுக் கட்டடம் வருமுன் அந்நிலத்திலிருந்து நீர் எவ்வளவு மெதுவாக வெளியேறியதோ அதைவிட வேகமாக வந்தபின்னும் வெளியேறக் கூடாது என்பதே இன்று உலகெங்கும் வலியுறுத்தப்படும் நெறி. நீர் ஊடுருவும் தளம், புல் வளர்ந்த ஓடை, மழைக்காலத்தில் மட்டும் நிரம்பும் பள்ளம், உறிஞ்சு கிணறு ஆகியன அதன் கருவிகள். வேல்ஸ் நாட்டில் 2019 சனவரி முதல், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளோ 100 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டுமானமோ தொடங்கும் முன், இத்தகைய வடிகால் அமைப்பிற்குத் தனி ஒப்புதல் பெற்றாக வேண்டும். ஆனைமங்கலச் செப்பேட்டைப் படித்தவருக்கு இதில் ஒரு பழைய ஒழுங்கின் சாயல் தென்படும்.

தமிழகமும் பின்தங்கியிருந்தது என்று கூற முடியாது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இம்மாநிலம். ஆயினும் அது வீட்டுக்கு வீடு குழி தோண்டுவதோடு நின்றது. குழியும் பல இடங்களில் தூர்ந்துவிட்டது. களிமண் நிலத்தில் குழி மட்டும் உதவாது. நீர் தங்க இடமும் தாண்ட கலிங்கும் வேண்டும். அதை மனைப்பிரிவு முழுமைக்கும் திட்டமிட வேண்டும். தனி வீட்டுக்காரரால் இயலாது.

எங்கள் தெருவினர் 2016இல் முற்றத்துச் சிமெண்டைப் பெயர்த்து உறிஞ்சு கிணறுகள் போட்டோம். சிறுமழைக்கு இப்போது தெருவில் நீர் நிற்பதில்லை. பெருமழைக்கு நிற்கத்தான் செய்கிறது. தெருமுனைக்கு அப்பால் வாய்க்கால் போன வழியில் வேறு சில வீடுகள் இருக்கின்றன. அவர்களும் என்னைப் போலவே பத்திரத்தைப் படித்து வாங்கியவர்கள். மனை வாங்க நினைக்கும் நண்பர்கள் மூலப்பத்திரத்தின் நான்கு எல்லைகளையும், கிராமப் புல வரைபடத்தையும், ‘அ’ பதிவேட்டையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

இவ்வீட்டை என் மகளுக்கு எழுதிவைக்கும் காலம் வரும்போது, பத்திரம் எழுதுபவரிடம் வடக்கு எல்லையை ‘இருபது அடி சாலை, முன்னர் ஏரி வாய்க்கால்’ என்று எழுதச் சொல்ல எண்ணியிருக்கிறேன். சட்டப்படி அதற்குப் பயன் உண்டா என்பது வேறு. அடுத்துப் படிப்பவர் கண்ணில் அந்தச் சொல் பட வேண்டும்.