சைக்கிள் ஓட்டினா முகம் கோணிடும்னு பயமுறுத்திய டாக்டர்கள்

ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி முண்டியம்பாக்கம் ஹைவேஸ்ல நின்னா சில நாள் அவங்களைப் பார்க்கலாம் மக்களே.
தலையில ஹெல்மெட், பின்னாடி மினுக்குற சிவப்பு லைட். செஞ்சி மலைகளைத் தாண்டி திருவண்ணாமலை வரைக்கும் போயிட்டுத் திரும்புற சைக்கிள்காரங்க. போகவே 60 கிலோமீட்டருக்கு மேல.

இதையே "ப்ரெவே"னு ஒரு கணக்கோட ஓட்டுறவங்களும் உண்டு. 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. முடிச்சா போதும்.

கூட்டத்துல பத்து ஆம்பளைக்கு ஒரு பொண்ணு இருந்தா அதிகம். அது ஏன்னு யோசிச்சா கதை 1890களுக்குப் போகுது. அந்தக் கதையில வில்லன் எங்க ஆளுங்கதான். டாக்டர்கள்.

ஜான் ஸ்டார்லி 1885ல ரெண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவுல இருக்குற சைக்கிளைக் கொண்டு வந்தார். 1888ல டன்லப் காத்தடைச்ச டயரைக் கொண்டு வந்தார் (அவர் ஒரு கால்நடை மருத்துவர், இது பலருக்குத் தெரியாது). அதுக்கப்புறம் ஐரோப்பா, அமெரிக்காவுல பெண்களும் சைக்கிள்ல ஏற ஆரம்பிச்சாங்க.

உடனே மருத்துவ உலகம் பதறிடுச்சு.
"சைக்கிள் முகம்"னு ஒரு வியாதியையே கண்டுபிடிச்சாங்க. தாடை இறுகி, கண்ணு பிதுங்கி, முகம் சிவந்து அப்படியே நின்னுடுமாம். பேலன்ஸ் பண்ற பதட்டத்துல வருமாம். இந்த எச்சரிக்கை முக்கியமா யாருக்குன்னு சொல்லணுமா? கர்ப்பப்பை கெட்டுடும்னு இன்னொரு கூட்டம் எழுதுச்சு. ஆர்தர் ஷாட்வெல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் சைக்கிளின் மறைமுக ஆபத்துகள் பற்றி ஒரு கட்டுரையே வெளியிட்டார். வருசம் 1897.

அதே 1897 நவம்பர்ல ஒரு அமெரிக்கத் தம்பதி ஆசியாவுக்கு சைக்கிளோட கிளம்பினாங்க. ஃபேனி புல்லக் ஒர்க்மேன், வயசு 38. கணவர் வில்லியம் ஒர்க்மேன், வயசு 50. அவரும் டாக்டர்தான், ஹார்வர்ட்ல படிச்சவர். உடம்பு சரியில்லைனு 1889லயே பிராக்டீஸை விட்டவர்!

இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவானு ரெண்டரை வருசம் சுத்தினாங்க. மொத்தம் 14,000 மைல், அதாவது 22,000 கிலோமீட்டருக்கு மேல. இதுல இந்தியாவோட தென்கோடியில இருந்து இமயமலை வரைக்குமான நீண்ட பயணமும் அடக்கம். சில நாள் 40 பஞ்சர் வரைக்கும் ஒட்டியிருக்காங்க. எலி ஓடுற அறையில தூங்கியிருக்காங்க. ஃபேனி இதையெல்லாம் பாவாடை கட்டிக்கிட்டே செஞ்சாங்க.

கியர் இல்லாத சைக்கிள்ல ஏத்தம் ஏறுறதுன்னா என்னன்னு ஒரு சின்ன கணக்கு.
70 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள், 300 மீட்டர் உயரம். இதுக்குத் தேவையான வேலை சுமார் 60 கலோரிதான். ஆனா நம்ம தசை எரிக்கிற சக்தியில கால்வாசிதான் வேலையா மாறும். ஆக 240 கலோரி எரியணும், அதுல 180 வெறும் சூடு. அந்தச் சூடு வெளியேற 300 மில்லி வேர்வை முழுசா ஆவியாகணும்.
சமதளத்துல வேகமா போனா எதிர்காத்து அதைச் செய்யும். ஏத்தத்துல வண்டி ஊர்ந்துதான் போகும், காத்து இருக்காது, வேர்வை ஆவியாகாம சொட்டி வீணாகும். நம்ம விழுப்புரம் வெயில்ல மலை ஏறுறப்ப தலை சுத்துறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். தண்ணியோட உப்பும் சேர்த்துக் குடிக்கணும்.

இதையெல்லாம் தாங்கின ஃபேனிக்கு முகம் கோணல. அடுத்து மலையேறப் போனாங்க. 1906ல 47 வயசுல பினக்கிள் பீக், 6,900 மீட்டருக்கு மேல. பெண்கள்ல அப்போ அது உலக சாதனை. 1912ல சியாச்சின் பனியாற்றுப் பகுதியில "பெண்களுக்கு வாக்குரிமை"ன்ற பத்திரிகையைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நோயாளி வில்லியம் 90 வயசு வரைக்கும் இருந்தார்.

அவங்களைத் தலையில தூக்கி வைக்க எனக்கு மனசு வரல. பணக்காரங்க. சுமை தூக்குன நம்ம ஆளுங்களை மதிச்சு நடத்தினவங்களும் இல்ல. அவங்க கடந்து போன ஊர்கள்ல இருந்த பொண்ணுங்களுக்கு சைக்கிள் எட்டாத பொருளாவே இருந்துச்சு.

அது எட்டினது கிட்டத்தட்ட நூறு வருசம் கழிச்சு. 1990களோட தொடக்கத்துல புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் ஆதரவோட, எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் கத்துக் கொடுத்துச்சு. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கத்துக்கிட்டாங்க. கிண்டல், கேவலமான பேச்சு எல்லாம் வந்துச்சு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்ப ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தாங்க. முன் கம்பியில குழந்தையை உட்கார வைக்கலாமேன்னு சிலருக்கு அதுதான் பிடிச்சே போச்சு. குவாரி வேலைக்கு, சந்தைக்கு, தண்ணி எடுக்கன்னு அவங்க ஓட்டின கிலோமீட்டரை யாரும் எண்ணி வைக்கல. எனக்கு ஃபேனியை விட இவங்கதான் பெரிய ஆளுங்க.

ஆனா 1897 இன்னும் ஓபிக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு.
"வயசுக்கு வந்த பொண்ணு சார், கவர்மெண்ட் சைக்கிள் கொடுத்திருக்காங்க, ஓட்டலாமா?"
"கர்ப்பப்பை இறங்கிடும்னு மாமியார் சொல்றாங்க, நெசமா?"

இல்லம்மா. சைக்கிள் ஓட்டுறதால கர்ப்பப்பை இறங்காது. குழந்தை பிறக்குறதுக்கும் தடை இல்ல. மாதவிலக்கு நாள்லயும் முடிஞ்சா ஓட்டலாம். ரொம்ப நேரம் ஓட்டி உட்காருற இடம் மரத்துப் போனா சீட்டோட உயரத்தையும் சாய்வையும் மாத்துங்க, அப்பப்ப எழுந்து நின்னு மிதிங்க. சுகருக்கு இன்சுலின் போடுறவங்க மட்டும் தூரம் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட டோஸ் பத்திப் பேசிட்டு, பாக்கெட்ல கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ வச்சுக்கங்க.