நோட்டில் ஏறிய செஸ் ஆட்டக்காரர்

ஒரு நாட்டோட பண நோட்டில் யார் படம் இருக்கும்? ராஜா, தலைவர், கவிஞர், அதானே? ஆர்மீனியாவில் 2018-ல் வெளியான 2000 திராம் நோட்டைப் பாருங்க. அதில் இருப்பவர் டிக்ரன் பெட்ரோசியன். செஸ் ஆட்டக்காரர்!

1929-ல் திபிலிசியில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இழந்தார். பிழைப்புக்குத் தெரு கூட்டினார். காதும் சரியாகக் கேட்காது. அந்தப் பையன்தான் 1963-ல் மாஸ்கோவில் போட்வின்னிக்கைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். 1969 வரை பட்டம் அவரிடம்தான் இருந்தது.

அவரைத் தோற்கடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. யானையைக் கொடுத்துவிட்டுக் குதிரையை வாங்குவது அவரோட பேர்போன வித்தை. பார்க்கிறவனுக்கு நஷ்டக் கணக்கு மாதிரி இருக்கும். லாபம் அப்புறம்தான் தெரியும்.

1963-ல் அந்த ஆட்டங்களை யெரெவானில் பெரிய பலகைகள் வைத்துக் காட்டினார்கள். கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்களாம். அப்போ ஆர்மீனியா சோவியத்துக்குள் ஒரு குடியரசு. தனிக்கொடி பிடித்து ஒலிம்பியாட் ஆட வழியில்லை. எனவே அந்த வெற்றி வெறும் செஸ் வெற்றி இல்லை, 'நாங்களும் இருக்கோம்' என்கிற குரல்.

1991-ல் விடுதலை வந்தது. சுமார் 30 லட்சம் பேர் உள்ள நாடு 2006, 2008, 2012 என்று மூன்று முறை ஒலிம்பியாட் தங்கம் அடித்தது! 2008, 2012 அணிகளில் இன்னொரு டிக்ரன் பெட்ரோசியன் ஆடினார். சொந்தக்காரர் இல்லை, சாம்பியன் நினைவாக வைத்த பெயர். 2011-ல் ஆரம்பப் பள்ளிகளில் செஸ்ஸைக் கட்டாயப் பாடமாக்கினார்கள்.

மூன்று தங்கத்திலும் முதல் பலகையில் ஆடியவர் லெவோன் அரோனியன். அவர் 2021-ல் அமெரிக்காவுக்காக ஆடப்போவதாக அறிவித்தார். அவ்வளவுதான், கதை முடிஞ்சதுன்னு தோணும் இல்லையா?

2022-ல் நம்ம மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததே, ஞாபகம் இருக்கா? நாமெல்லாம் குகேஷையும் பிரக்ஞானந்தாவையும் பார்த்துக்கொண்டிருந்தோம். உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், நம் இரண்டாவது அணிக்கு வெண்கலம். நடுவில் வெள்ளி வாங்கியது யார்? அரோனியன் இல்லாத ஆர்மீனியா!

யானை போனால் போகட்டும், ஆட்டம் இன்னும் இருக்கு. பெட்ரோசியன் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தானே?