பூந்தமல்லிக்கு மேற்கே: நீர் வழியே ஒரு நாள் பயணம்

பூந்தமல்லி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று சிலர் சொல்வார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையின் நெரிசல் என்று பலர் சொல்வார்கள். அங்கே நின்று சுற்றிப் பார்ப்போர் குறைவு. மலையோ அருவியோ இல்லாத இந்தச் சமவெளியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

அதற்கு விடை கூறுமுன் உங்களிடம் ஒரு கேள்வி. பாலாற்றில் ஓடும் நீர் அடையாற்றின் வழியாகக் கடலில் சேர முடியுமா? நிலப்படத்தைப் பாருங்கள். பாலாறு காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஓடி, வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. அடையாறோ சென்னை நகருக்குள் ஓடிக் கடலை அடைகிறது. இரண்டும் வெவ்வேறு ஆறுகள். ஆயினும் நம் கேள்விக்கு விடை, 'முடியும்' என்பதே! அது எப்படி என்பதைப் பூந்தமல்லியிலிருந்து புறப்பட்டு ஒரே நாளில் நேரில் கண்டு வரலாம்.

ஏரிக்கரையில்

முதலில் பெங்களூர்ச் சாலையில் சில கிலோமீட்டர் சென்று செம்பரம்பாக்கம் ஏரியைக் காணுங்கள். இங்கிருந்து வழியும் நீர் அடையாற்றில் சேர்கிறது. ஏரி முழுக் கொள்ளளவை எட்டும்போது நீரின் ஆழம் 24 அடி. அப்போது அதில் அடங்கும் நீர் 364 கோடியே 50 லட்சம் கன அடி.

கரையை உற்று நோக்குங்கள். குளத்தைப் போல் நான்கு பக்கமும் கரை இல்லை. நிலம் தாழ்ந்து செல்லும் பக்கத்தில் மட்டும் வளைந்த நீண்ட கரை போட்டிருக்கிறார்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து வழிந்து வரும் மழைநீர் தானே வந்து தேங்குகிறது. நிலத்தின் சரிவை நுட்பமாக அறிந்தவர்களே இப்படி ஓர் ஏரியை அமைக்க முடியும். பாசனத்துக்கு நீர் விடுவது மதகு. மிகுந்த நீர் தானாக வழிந்து வெளியேறுவது கலிங்கல். வழிந்த நீர் வீணாவதில்லை. அடுத்த தாழ்வான ஊரின் ஏரிக்கு அதுவே வரத்து. தமிழ்நாட்டில் உள்ள 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளில் பல இவ்வாறு சங்கிலியாகக் கோக்கப்பட்டவை.

இவற்றைக் காப்பதற்கு ஊரார் முறை வகுத்திருந்தனர். காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று என்பதை அவை கூறுகின்றன.

மார்கழி, தை மாதங்களில் சென்றால் கூழைக்கடா, நீர்க்காகம், புள்ளிமூக்கு வாத்து முதலிய பறவைகளையும் காணலாம். விடியற்காலையே இதற்கு ஏற்ற நேரம்.

கூவத்தின் மறுமுகம்

இனிச் சற்றுத் திரும்பி வந்து, திருமழிசை வழியாகத் திருவள்ளூர் செல்லும் சாலையைப் பிடியுங்கள். சாலையிலிருந்து சிறிது விலகிச் சென்றால் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டு வரும். அங்கே குறுக்கே ஓடும் ஆறு எது தெரியுமா? கூவம்தான்! சென்னை நகருக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடக்கும் அதே கூவம். இங்கே அது மணற்படுகையும் நாணற் புதரும் கொண்ட நாட்டுப்புற ஆறு. மழைக்காலத்தில் அணைக்கட்டின்மேல் நீர் வழிந்து விழும் காட்சி கண்ணுக்கு விருந்து.

அணைக்கட்டின் பக்கத்திலிருந்து ஒரு கால்வாய் பிரிவதைக் கவனியுங்கள். இதற்குப் புதிய பங்காரு கால்வாய் என்று பெயர். கூவத்து நீரைச் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கொண்டு செல்வது இதுவே. ஆக, கூவம் அடையாற்றுடன் இணைந்துவிட்டது.

கூவத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது? மேற்கே, அரக்கோணம் பக்கத்தில், கொசஸ்தலையாற்றின் குறுக்கே கேசாவரம் அணைக்கட்டு உள்ளது. அங்கிருந்து ஒரு பங்கு நீர் கூவத்துக்குத் திருப்பப்படுகிறது. கொசஸ்தலையாற்றின் கதையோ இன்னும் சுவையானது. வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் வருகிறது. அந்த ஏரி நிறைந்து வழியும் நீர் கொசஸ்தலையாற்றில் சேர்கிறது.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பாலாறு, காவேரிப்பாக்கம், கொசஸ்தலையாறு, கேசாவரம், கூவம், கொரட்டூர், செம்பரம்பாக்கம், அடையாறு. நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இத்தனை ஆறுகளையும் மனிதன் ஏரியாலும் கால்வாயாலும் ஒன்றாகத் தைத்திருக்கிறான்.

மனிதன் தைப்பதற்கு முன்பே இயற்கையும் இவற்றை இணைத்திருந்தது. முற்காலத்தில் பாலாறு இன்று கொசஸ்தலை ஓடும் பக்கமாகவே ஓடிற்று என்று நிலவியலார் கருதுகின்றனர். கொசஸ்தலைக்கு வடமொழியில் 'விருத்தக்ஷீரநதி' என்றொரு பெயர் உண்டு. கிழப் பாலாறு என்பது அதன் பொருள்.

பூண்டியில்

திருவள்ளூரைக் கடந்து வடமேற்கே ஏறத்தாழ 11 கி.மீ. சென்றால் பூண்டி நீர்த்தேக்கம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்டது இது. 1939இல் சென்னை மேயரான சத்தியமூர்த்தி, நகரின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க இத்திட்டத்துக்காகப் பாடுபட்டார். 1940இல் வேலை தொடங்கி 1944இல் அணை திறக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை, 1943இலேயே மறைந்துவிட்டார். சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயர் அவருடைய முயற்சியை நினைவூட்டுகிறது.

1996இல் இந்த நீர்த்தேக்கத்துக்குக் கிருஷ்ணா நதியின் நீரும் கால்வாய் வழியாக வந்து சேர்ந்தது. பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கும் இணைப்புக் கால்வாய் உண்டு. எனவே காலையில் நீங்கள் கண்ட ஏரியில் மகாபலேசுவரத்து மழைநீரும் கலந்திருக்கக் கூடும்!

பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1985இல் அமைத்த அகழ்வைப்பகத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். அதில் உள்ள கற்கருவிகள்தாம் நம் அடுத்த நிறுத்தத்துக்கு வழிகாட்டி.

பதினைந்து லட்சம் ஆண்டுகள்

நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளைக் குழி ஒன்றில், மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்காலக் கருவி. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று அவரும் வில்லியம் கிங் என்பவரும் பூண்டிக்கு அருகேயுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சி இவ்வாறு சென்னையைச் சுற்றியே பிறந்தது.

அத்திரம்பாக்கத்தின் அடிமண்ணில் ஒரு களிமண் அடுக்கு உண்டு. அது டைனோசார்கள் வாழ்ந்த காலத்து ஆவடிக் களிப்பாறை, அதில் மனிதச் சுவடு இருக்க வழியில்லை என்றே முன்பு எண்ணினர். 1999 முதல் சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வு அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகளை வெளிக்கொணர்ந்தது. அவற்றின் வயதை எப்படி அறிவது?

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தரைமேல் கிடக்கும் கல்லைத் தாக்கும்போது அதிலுள்ள குவார்ட்சில் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்னும் கதிரியக்க அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதையுண்டால் புதிய அணுக்கள் தோன்றுவது ஏறக்குறைய நின்றுவிடும். இருப்பவை சிதைந்துகொண்டே வரும். அலுமினியம்-26 சுமார் 7 லட்சம் ஆண்டுகளிலும், பெரிலியம்-10 சுமார் 14 லட்சம் ஆண்டுகளிலும் பாதியாகக் குறைகின்றன. இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலம் தெரியும். இம்முறையிலும் மண்ணில் பதிந்த காந்தத் திசையைக் கொண்டும் கணக்கிட்டு, கருவிகள் 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை, சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

அந்த மனிதர்கள் ஏன் இங்கே வந்தனர்? இங்கே நீர் இருந்தது. கருவி செய்யக் கல்லும் இருந்தது.

குடியம் நடை

கல் வந்த வழியைக் காணக் குடியம் செல்ல வேண்டும். குடியம் சிற்றூரிலிருந்து முட்புதர்க் காட்டின் ஊடே சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். களா, சூரை, நுணா ஆகியவை வழியெங்கும் வளர்ந்திருக்கும். காலடியில் வழுவழுப்பான உருண்டைக் கற்கள் தட்டுப்படும். வழியின் முடிவில் செங்குத்தான பாறைக்கு அடியில் அகன்ற குகைகள் உள்ளன. 1960களின் தொடக்கத்தில் இங்கே அகழாய்வு நடந்து, கற்கருவிகள் கிடைத்தன.

குகைச் சுவரைப் பாருங்கள். கூழாங்கற்கள் மண்ணோடு இறுகிப் பாறையான கூட்டுப் பாறை அது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஓடிய நீர் உருட்டிக் கொணர்ந்து குவித்த கற்கள் அவை. அப்பாறை சிதைந்து உதிர்த்த குவார்ட்சைட் கற்களைப் பொறுக்கியே ஆதி மனிதன் கோடரி செய்தான். கல்லையும் நமக்குத் தந்தது நீர்தான்.

சங்கிலி அறுந்தால்

இந்தப் பயணம் வெறும் பொழுதுபோக்கன்று. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அரசுக் கணக்கு கூறுகிறது. வழியில் உள்ள சிற்றேரிகளின் நீரும் சேர, அடையாறு கரைபுரண்டு நகரின் பெரும் பகுதி மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், இதே செம்பரம்பாக்கம் வறண்டு தரை வெடித்தது. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டர் குடிநீரை ரயிலில் ஏற்றி வர வேண்டியதாயிற்று.

பெருமழைக்கும் வறட்சிக்கும் வானத்தை மட்டும் குறை சொல்வது சரியாகாது. சங்கிலியின் கண்ணிகளான சிற்றேரிகளும் வரத்துக் கால்வாய்களும் வீட்டு மனைகளாகவும் குப்பை மேடுகளாகவும் மாறும்போது, மழைநீர் தங்க இடமின்றி ஓடுகிறது. கோடைக்கு மிச்சம் இருப்பதில்லை. சரளை வெட்டி எடுக்கும் இடங்களில் பல லட்சம் ஆண்டுச் சான்றுகளும் சேர்ந்தே போகின்றன.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இப்பயணத்துக்கு ஏற்ற காலம். குடிநீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். குடியத்துக்குத் தனியே போகாமல், ஊராரிடம் வழி கேட்டுத் துணையுடன் செல்லுங்கள். நீர் திறக்கும் நாளில் மதகு அருகே இறங்காதீர்கள். அத்திரம்பாக்கத்தில் கல் எதையும் பொறுக்காதீர்கள். இடம் மாறிய கருவி தன் வயதைச் சொல்லும் திறனை இழந்துவிடும். திரும்பி வந்தபின் உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எந்தக் கால்வாய் வழியாக வருகிறது, வழிந்த நீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு படம் வரைந்து பாருங்கள். அந்தப் படத்தில் இன்று எத்தனை கோடுகள் நிலத்தில் எஞ்சியுள்ளன என்பதை நடந்து சென்று சரிபார்ப்பது, உங்களது அடுத்த பயணமாக அமையட்டும்.